நிறுத்தினால் காரணம் கேட்க மாட்டேன்

போன வாரம் புது ஆசிரியர்கள் நீங்கள் எல்லோரும் சேர்ந்து வீட்டுக்கு வந்தீர்கள். பயிற்சி நிலையத்தின் ஆயுத பூசைக்கு நான்தான் பிரதம விருந்தினராக வந்து மெஷினை ஓட்டிவைக்க வேண்டும் என்று கேட்டீர்கள். அதோடு, பிள்ளைகளுக்குத் தொழில் பாதுகாப்பு சொல்லிக்கொடுத்த அனுபவத்தைக் கொஞ்சம் எழுதித் தரவும் சொன்னீர்கள். "நல்ல விஷயமா எழுதுங்க சேர், புதுசா வந்திருக்கிற எங்களுக்கு உற்சாகமா இருக்கும்" என்றார் உங்களில் ஒருவர். நான் தலையை ஆட்டிவிட்டு, தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தேன். மெஷினை ஓட்டிவைக்க நான் வரப்போவதில்லை. காரணத்தை முகத்துக்கு நேரே சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் எழுதுகிறேன். உற்சாகத்துக்கு வேறு யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

நம்மிடம் வருகிற பிள்ளைகளை இதற்குள் ஓரளவு பார்த்திருப்பீர்கள். பதினாறு, பதினேழு வயது. ஓ.எல். பரீட்சை எழுதி, பாஸானதும் பெயிலானதுமாக, பசறை, மடுல்சீமை பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பஸ் பிடித்து வருவார்கள். அவர்களிடம் ஆபத்து என்று வாயைத் திறந்தால் சிரிப்பார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? மூக்கை மூட ஒரு துணிகூட இல்லாமல் மருந்து டாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு புல்லுக்கு மருந்தடிக்கப் போகிற அப்பாவைப் பார்த்து வளர்ந்தவர்கள். அடைமழை என்றால் லயத்து வரிசைக்குப் பின்னால் இருக்கிற மண்மேட்டைப் பார்த்துக்கொண்டே, மீரியபெத்த மண்சரிவில் புதைந்து போனவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டு விழித்திருக்கிற வீடுகள் அவை. விடிந்ததும் அதே வீட்டிலிருந்துதான் எல்லோரும் வேலைக்குப் போவார்கள். அந்தப் பிள்ளையிடம் போய், மெஷினுக்குப் பக்கத்தில் சட்டைக் கை தொங்கக்கூடாது என்று சொன்னால், இந்த மனுசனுக்கு வேறு வேலையில்லை என்றுதான் நினைக்கும்.

அதனால் நான் ஆபத்து என்று தொடங்குவதில்லை. நிறுத்துவதிலிருந்து தொடங்குவேன். முதல் நாளே ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, ஓடுகிற மெஷினைச் சிவப்புப் பட்டனை அழுத்தி நிறுத்தச் சொல்வேன். தோட்டத்துப் பிள்ளைக்கு அது லேசான காரியம் இல்லை. பெரியவர்கள் ஓட்டுகிற ஒன்றைத் தன் விரலால் நிறுத்துவது என்றால் கை கூசும். சிலர் அழுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். "யார் வேணும்னாலும் நிப்பாட்டலாம். நிப்பாட்டுனா நான் காரணம் கேக்க மாட்டேன். மொதல்ல நன்றி சொல்லுவேன், அப்பறம்தான் பேச்சு" என்பேன். இதுதான் என் விதி. இதைப் பற்றி எனக்கு ஏகப்பட்ட பெருமை. மற்ற நிலையங்களிலிருந்து வந்தவர்களிடமெல்லாம் அளந்திருக்கிறேன்.

அந்த விதியை வைத்து அருள்ராஜ் என்றொரு பையன் நன்றாக விளையாடினான். பேக்கரி வகுப்பில் இருந்தவன். தேத்தண்ணீர் நேரம் நெருங்கினால் போதும், மா பிசைகிற மெஷினைத் தட்டி நிறுத்திவிடுவான். "என்னமோ சத்தம் வித்தியாசமா கேட்டுச்சு சேர்" என்பான். ஒரு சத்தமும் இருக்காது. வகுப்பே சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கும். நானும் முகத்தை இறுக்கிக்கொண்டு, "நன்றி அருள்ராஜ்" என்பேன். அவன் பெருந்தன்மையோடு தலையசைப்பான். எல்லோரும் தேத்தண்ணீருக்குப் போவோம். என் விதிக்கு நான் எவ்வளவு உண்மையாக இருக்கிறேன் பாருங்கள் என்று எனக்குள்ளேயே மெச்சிக்கொள்வேன்.

அதே வகுப்பில் கௌசல்யா இருந்தாள். மடுல்சீமைப் பக்கத்துப் பிள்ளை. அவளுடைய தோட்டத்திலிருந்து பஸ் வருகிற பாதை வரைக்கும் நடந்துவந்து, பிறகு பஸ் ஏறி வருவாள். அதிகம் பேசமாட்டாள். மற்றவர்கள் சிரிக்கும்போது அவள் மெஷினைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஓர் இடத்தைக் காட்டி, இங்கே என்ன தவறு நடக்கலாம், நடந்தால் எவ்வளவு மோசமாகும் என்று கேட்டால், மற்றவர்கள் ஊகிக்கிறதற்கு முன்னால் அவள் சொல்லிவிடுவாள். கெட்டிக்காரத்தனம் என்பதைவிட, நான் சொன்னதை நம்பினாள் என்று சொல்வதுதான் சரி. அந்த வகுப்பில் என் விதியை அப்படியே நம்பிய பிள்ளை அவள்தான்.

அந்த வருடம் நிலையத்துக்குப் புது மெஷின் ஒன்று வந்தது. மா பிசைகிற பெரிய மெஷின், கொழும்புக் கம்பெனி ஒன்று நன்கொடையாகக் கொடுத்தது. கம்பெனியின் பெரியவரே ஆயுத பூசைக்கு வந்து ஓட்டிவைப்பதாக ஏற்பாடு. தையல் வகுப்புக்கும் ஏதாவது செய்வதாக அவர் வாக்குக் கொடுத்திருந்ததால் எல்லோரும் ஓடி ஓடி வேலை செய்தோம். பிள்ளைகள் முந்தின நாளே மெஷின்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலை போட்டார்கள். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பூசை முடிந்ததும் மாலையோடு மெஷினைக் கொஞ்சநேரம் ஓட்டவேண்டும். அந்த முதல் ஓட்டம் நிற்காமல் ஓடினால் வருடம் முழுக்க வேலை தடையில்லாமல் நடக்கும். மாலையை யாரும் கழற்றுவதில்லை, அது தானாக வாடி விழவேண்டும்.

புது மெஷினுக்கு மாலை பெரியது. நார் கிடைக்கவில்லை என்று பையன்கள் அதை நைலோன் நூலில் கட்டியிருந்தார்கள். அதன் ஒரு நுனி மெஷினின் பாத்திரத்துக்குள், மா பிசைகிற கொக்கிக்குப் பக்கத்தில் தொங்கியது. அந்த மெஷினுக்கு ஒரு வலைமூடி உண்டு. மூடி திறந்திருந்தால் மெஷின் ஓடாது. ஆனால் மூடி போட்டால் படத்தில் கொக்கி தெரியாது, பெரியவர் முதல் பிடி மாவை உள்ளே போடவும் முடியாது. அதனால் மூடியைத் தூக்கிவிட்டு, அதற்குரிய சின்னச் சுவிட்சை டேப் ஒட்டி ஏமாற்றியிருந்தோம். ஒட்டியவன் நான்.

நான் இதையெல்லாம் கவனிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். கவனித்தேன். தொங்குகிற நூலைப் பார்த்தேன். அறுந்துபோகாத நூல் என்றும் தெரிந்தது. ஆனால் நான் வேதக்காரன், கிறிஸ்தவன். ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசைக்குப் போகிறவன், இந்துப் பிள்ளைகள் பக்தியாகப் போட்ட மாலையைக் கழற்றச் சொன்னால் என்ன நினைப்பார்கள்? இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சாக்குத்தான். பூசையெல்லாம் முடிந்தபிறகு மாலை கட்டிய பையனிடம் இதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னபோது, "சொல்லியிருந்தா எடுத்து மேல மாட்டியிருப்போமே சேர், சாமி என்ன கோவிச்சுக்கவா போகுது" என்றான். கேட்டிருந்தால் அவ்வளவு சுலபம். நான் கேட்கவில்லை.

பூசை முடிந்தது. பெரியவர் மெஷினுக்கு முன்னால் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் கௌசல்யா. பெரியவர் பச்சைப் பட்டனை அழுத்தினார். கொக்கி சுழலத் தொடங்கியது. எல்லோரும் கும்பிட்டார்கள். அவர் ஒரு பிடி மாவை எடுத்து, படம் எடுக்கிறவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கையை உள்ளே நீட்டினார். அந்த நேரத்தில் மாலையின் நுனி கொக்கியின் பக்கம் ஆடியதை நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள். அவள் தட்டை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு சிவப்புப் பட்டனை அழுத்திவிட்டாள்.

மெஷின் டக்கென்று நின்றது. பெரியவர் திடுக்கிட்டதில் கையிலிருந்த மா அவர் சட்டை முழுக்கக் கொட்டியது. பின்னால் யாரோ, "மொதல் ஓட்டமே நின்னு போச்சே" என்றார்கள். 

"என்ன, கரண்ட் போயிருச்சா?" என்று பெரியவர் கேட்டார்.

"ஒண்ணுமில்லைங்க சேர், புள்ள கை தெரியாம பட்டிருச்சு" என்றேன்.

"இல்லைங்க சேர், நாந்தான் நிப்பாட்டுனேன். மாலை..." என்று தொடங்கினாள் கௌசல்யா.

"இப்ப வேணாம்மா. அப்பறம் பாத்துக்கலாம். தள்ளி நில்லு" என்றேன். சத்தம் போடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன், அது இன்னும் மோசம். அவள் கையிலிருந்த தட்டை வாங்கி இன்னொரு பிள்ளையிடம் கொடுத்தேன். பெரியவரின் சட்டையை என் கைலேஞ்சித் துணியால் தட்டிவிட்டேன். மெஷினை மறுபடி ஓட்டினோம்.

ஒன்றும் நடக்கவில்லை. கொக்கி மாலையின் நுனியை உரசியது, கொஞ்சம் பூ உதிர்ந்து மாவுக்குள் விழுந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். அந்தப் படம் இப்போதும் உங்கள் அலுவலகச் சுவரில் இருக்கிறது. பெரியவருக்குப் பின்னால் சிரித்துக்கொண்டு நிற்கிறவன் நான். ஓரத்தில் தட்டில்லாமல் நிற்கிறவள் கௌசல்யா.

இடர் மதிப்பீடு என்று நாம் பெரிதாகப் பாடம் நடத்துகிறோமே, அன்றைக்கு நான் அதைச் செய்யாமல் விட்டேன் என்று சொல்லமுடியாது. கண்ணிமைக்கிற நேரத்தில் செய்துமுடித்தேன். என் பெயருக்கு வரக்கூடிய இடரைத்தான் எடைபோட்டேன். பெரியவரின் கை என் கணக்கில் வரவேயில்லை.

விருந்தினர் போனபிறகு அவளைக் கூப்பிட்டேன். திட்டவேண்டும் என்ற முடிவோடுதான் கூப்பிட்டேன், அதை மறைக்க விரும்பவில்லை.

"கெட்டிக்காரத்தனத்தக் காட்டுற எடமா அது?" என்றேன்.

"நிப்பாட்டுனா காரணம் கேக்க மாட்டேன்னீங்களே சேர்."

"அது கிளாசுல. இது வேற."

அவள் அழவில்லை. "சரிங்க சேர்" என்றாள். போய்விட்டாள். விளையாட்டுக்கு நிறுத்தியவனுக்கு வருடம் முழுக்க நன்றி சொன்னவன், உண்மையாக நிறுத்தியவளுக்குச் சொன்ன பதில் அது.

அதற்குப்பிறகு அந்த வகுப்பில் ஒரு மாற்றம் தெரிந்தது. அருள்ராஜ் தேத்தண்ணீருக்காக மெஷினை நிறுத்துவதை விட்டுவிட்டான். வேறு யாரும்கூட நிறுத்தவில்லை. பிள்ளைகளுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நான் நினைத்தேன். நிலைய அதிபரிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன். பதினேழு வயதுப் பிள்ளை பாடத்தை அரைக் காதால்தான் கேட்கும். பாடத்தின்படி நடந்தவளுக்கு என்ன நடந்தது என்பதை இரண்டு கண்ணாலும் பார்க்கும். இது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வகுப்பு முடியும் தறுவாயில் பிள்ளைகளை வேலைப் பழக்கத்துக்கு அனுப்புவோம். கௌசல்யாவுக்குப் பண்டாரவளையில் ஒரு பேக்கரி கிடைத்தது. பிள்ளைகளை அனுப்புகிற நாளில் நான் வழக்கமாகச் சொல்வதைத்தான் அன்றும் சொன்னேன். நீங்களும் சொல்லப்போகிறீர்கள், எல்லா ஆசிரியர்களும் சொல்வார்கள். "போற எடத்துல அடக்கமா இருங்க. நம்ம பேரக் கெடுத்துறாதீங்க." அவளும் தலையாட்டினாள்.

ஒரு மாதம்கூட ஆகியிருக்காது, ஒரு காலை பேக்கரி முதலாளி போன் எடுத்தார். மா பிசைகிற மெஷினில் ஒருவருக்குக் கை போய்விட்டது என்றார். "யாரு?" என்று கத்தினேன். "பயப்படாதீங்க சேர், ஒங்க புள்ள இல்ல. எங்க ஆளுதான்" என்றார். "ஆண்டவரே, நன்றி" என்று வாய்விட்டுச் சொன்னேன். ஒரு பெண்ணின் கை போயிருக்கிறது, நான் நன்றி சொன்னேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

பஸ் ஏறிப் போனேன். கைபோன பெண்ணின் பெயர் லெச்சுமி. முப்பது வயதுக்கு மேல் இருக்கும், பக்கத்துத் தோட்டத்திலிருந்து வேலைக்கு வருகிறவள். அவளை ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கை முழுவதும் போகவில்லை, ஆனால் பிறகு இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். முன்பக்கத்தில் பாணும் பணிஸும் வாங்க ஆட்கள் வந்தபடிதான் இருந்தார்கள். பின்பக்கத்தில், கழுவிவிட்ட தரையில், மா மூட்டை ஒன்றின்மேல் கௌசல்யா உட்கார்ந்திருந்தாள். கையெல்லாம் மா காய்ந்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"உக்காரும்மா. என்ன நடந்துச்சு?"

"லெச்சுமி அக்கா காப்பு கட்டியிருந்தாங்க சேர்" என்றாள்.

அவர்கள் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா. விரதம் இருக்கிறவர்கள் மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கு வைத்து மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள். திருவிழா முடிகிறவரை அதைக் கழற்றவோ அறுக்கவோ கூடாது. லெச்சுமியின் கயிற்றில் ஒரு நுனி நீளமாகத் தொங்கியிருக்கிறது. அந்த மெஷினுக்கும் வலைமூடி இருந்தது. மூடினால் மாவை வழித்துவிட முடியாது, வேலை சுணங்கும் என்று அங்கேயும் மூடியைத் தூக்கிவிட்டு, சுவிட்சைக் கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள். நாங்கள் டேப், அவர்கள் கம்பி. வேறு வித்தியாசமில்லை.

"காலையிலயே பாத்தேன் சேர். அந்த நூல் தொங்குறதப் பாத்தேன். அக்காகிட்ட சொல்லலாம்னுதான் நெனச்சேன். சாமி விஷயமாச்சே, நாம சொன்னா தப்பாயிருமோன்னு இருந்துட்டேன்."

"அப்பறம்?"

"அக்கா வழிக்கிறதுக்குக் கைய உள்ள விட்டாங்க. நூலு கொக்கிகிட்ட போச்சு. பட்டன் என் பக்கத்துலதான் இருந்துச்சு. நான் கையத் தூக்கிட்டேன் சேர், அழுத்துறதுக்கு. மொதலாளியும் அவரு கூட்டாளிங்களும் அப்பதான் உள்ள வந்தாங்க. அன்னைக்கு மாதிரி ஆயிருமோன்னு..." அவள் கையைப் பாதி உயர்த்திக் காட்டினாள். அந்த இடத்தில்தான் கை நின்றிருக்கிறது. "கொஞ்சநேரந்தான் சேர். அக்கா கத்துனதுக்குப் பொறகு அழுத்துனேன்."

 அவள் என்னைக் குற்றம் சாட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். நான் அவள் தலையில் கைவைத்து ஏதோ ஆறுதல் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. உருப்படியாக ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். பேக்கரிக்கு மேலே இருந்த அறையில் நடந்தது. முந்தின நாளே நம் அதிபர் என்னைக் கூப்பிட்டு, "நாம சொல்லிக் குடுத்தோமா இல்லையா, கேட்டா அத மட்டும் சொல்லுங்க சேர். வேற ஒண்ணும் வேணாம்" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை, பூசை அன்று மெஷின் நின்றது மட்டும்தான் அவருக்குத் தெரியும், அதற்காக நான் அவளைத் திட்டியது தெரியாது. எனக்குத் தெரியும்.

அதிகாரி என்னிடம் கேட்டார், "ஆபத்துன்னா மெஷின நிப்பாட்டணும்னு இந்தப் புள்ளைக்குச் சொல்லிக் குடுத்திருக்கீங்களா?"

"சொல்லிக் குடுத்திருக்கோங்க. மொத நாளே."

அது பொய் இல்லை. ஆனால் நான் அதைச் சொல்லி முடித்த உடனே முதலாளி பிடித்துக்கொண்டார். "பாருங்க, நிப்பாட்டத் தெரிஞ்ச புள்ள. பட்டனுக்குப் பக்கத்துலயே நின்னிருக்கு. நிப்பாட்டாம பாத்துக்கிட்டு நின்னா நாங்க என்ன பண்றது?" கம்பி கட்டிய சுவிட்ச் பேச்சிலிருந்து நழுவி, அறையில் இருந்த எல்லோருடைய கண்ணும் அந்தப் பிள்ளைமேல் போனது. லெச்சுமியின் புருசனும் அங்கே உட்கார்ந்திருந்தார். அவரும் அவளைத்தான் பார்த்தார்.

"சேர் ஒங்களுக்குச் சொல்லிக் குடுத்தாரா?" என்று அதிகாரி அவளிடம் கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"சொல்லிக் குடுத்தாருங்க" என்றாள்.

"பின்ன ஏன் நிப்பாட்டல?"

"பயந்துட்டேங்க."

அதிகாரி எழுதிக்கொண்டார். நான் பேசவேண்டிய இடம் அதுதான். எழுந்து நின்று, அவள் நிறுத்தத் தெரிந்தவள், நிறுத்திக் காட்டியவள், அதற்காக அவளைத் திட்டியவன் நான் என்று சொல்லியிருக்கவேண்டும்.  மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓய்வு பெற இன்னும் கொஞ்சநாள்தான் இருந்தது. பிரியாவிடைக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அதெல்லாம் மனதில் ஓடியது. அவமானம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் அந்த மேசையின் மரநிறம் எனக்கு ஞாபகம் வரும்.

கீழே இறங்கி இருவரும் பதுளை பஸ்ஸுக்கு நின்றோம். பண்டாரவளைச் சந்தியில் மரக்கறி லொறிகள் போய்க்கொண்டிருந்தன. பேசாமல் நிற்கமுடியாமல், "ஏம்மா, பூசையன்னைக்கு நடந்தத நீ அவருகிட்டச் சொல்லல?" என்று கேட்டேன். கேட்கிற தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் கேட்டேன்.

"பேரக் கெடுத்துறாதீங்கன்னு சொல்லி அனுப்புனீங்களே சேர்" என்றாள்.

பஸ் வந்தது. "நீ போம்மா, எனக்கு இங்க ஒரு சின்ன வேல இருக்கு" என்று அவளை ஏற்றிவிட்டேன். என்ன வேலை என்றுகூடச் சொல்லமுடியவில்லை. பஸ் திரும்பும்வரை நின்றுவிட்டு மறுபடி மாடியேறினேன். அதிகாரி தாள்களைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்வதற்குமுன் சொல்லத் தொடங்கினேன். மாலை, டேப், மா கொட்டிய சட்டை, நான் சொன்ன வார்த்தைகள், எல்லாம்.

"இந்தப் பூசைக் கதையெல்லாம் எழுதணுமா?" என்று அவர் கேட்டார்.

"எழுதுங்க" என்றேன்.

முதலாளிக்கு முகம் சுருங்கியது. அதிகாரி பொறுமையானவர், பையிலிருந்து தாளை வெளியே எடுத்தார். கடைசியில் அந்தப் பிள்ளைமேல் தவறில்லை என்றுதான் முடிவு வந்தது. கம்பி கட்டியதற்கு முதலாளி பதில் சொல்லவேண்டி வந்தது. எனக்கு அதிபரிடமிருந்து நல்ல வசவு கிடைத்தது, பிரியாவிடையும் கிடைத்தது. மாலையும் போட்டார்கள். அதைப் போட்டுக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருந்தது இன்னும் கழுத்தில் அரிக்கிறது.

ஆனால் தாளில் எழுதியது தோட்டம் வரைக்கும் போய்ச் சேராது. மடுல்சீமையில் கௌசல்யா, கை போகும்போது பார்த்துக்கொண்டு நின்றவளாகத்தான் இருந்தாள். லெச்சுமி நல்ல மனுசி. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனவளிடம், "ஒன்மேல தப்பில்ல புள்ள" என்று சொல்லியிருக்கிறாள். அதற்குப்பிறகுதான் கௌசல்யா அதிகமாக அழுதாளாம். வகுப்பை அவள் முடிக்கவில்லை. இப்போது பசறையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். மெஷின் இல்லாத இடமாகப் பார்த்துப் போயிருக்கிறாள்.

உங்களுக்கு நான் சொல்ல வருவது பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. வகுப்பில் விதி சொல்வது யாருக்கும் முடியும். உங்களைவிடப் பெரிய ஆள் பக்கத்தில் நிற்கும்போது, படம் எடுக்கிறவர் எடுத்துக்கொண்டிருக்கும்போது, ஒரு பிள்ளை உங்கள் விதியை உங்களுக்கே திருப்பித் தரும். பிள்ளை சொல்வது தவறாகக்கூட இருக்கலாம். அந்த இடத்தில் உங்கள் வாயிலிருந்து முதலில் என்ன வருகிறதோ அதுதான் நீங்கள் நடத்திய பாடம். மற்றதெல்லாம் கரும்பலகையோடு அழிந்துபோகும். நான் நடத்திய பாடத்துக்கு லெச்சுமி விலை கொடுத்தாள். நான் கொடுக்கவில்லை.

நீங்கள் வந்துபோன அன்று மாலை கௌசல்யாவுக்குப் போன் எடுத்தேன். இவ்வளவு நாளில் அதுதான் முதல் தடவை. பிரதம விருந்தினராக என்னைக் கூப்பிடுகிறார்கள், எனக்குப் பதிலாக நீ வந்து ஓட்டிவைக்கிறாயா என்று கேட்க நினைத்தேன். நல்ல யோசனை என்று எனக்குப் பட்டது. என் மனச்சுமையை இறக்கிவைக்க மறுபடியும் அவளையே கூப்பிடுகிறேன் என்பது கேட்டபிறகுதான் புரிந்தது.

"வரலைங்க சேர். அந்தச் சத்தம் இப்ப எனக்கு ஒத்துக்கிறதில்ல" என்றாள்.

"பரவாயில்லம்மா."  அவள் வைத்துவிடுவாளோ என்று பயந்து, "நன்றிம்மா" என்றேன்.

"எதுக்குங்க சேர்?"

"அன்னைக்கு மெஷின நிப்பாட்டுனதுக்கு."

அந்தப்பக்கம் கடையில் யாரோ விலை கேட்கிற சத்தம் வந்தது.   அப்புறம் அவள் பேசினாள், வகுப்பில் ஆபத்தைச் சுட்டிக்காட்டுகிற அதே குரலில்.

"இந்தத் தடவையாச்சும் மாலையக் கழட்டி மேல மாட்டிட்டு, மூடியப் போட்டுட்டு ஓட்டச் சொல்லுங்க சேர்" என்றாள். "ஆள் வந்திருக்காங்க, வைக்கிறேன்."

உங்களிடம் சொல்லிவிட்டேன்.